எச்டி 650, டிடி 990 ப்ரோ, சுந்தரா: காசை எங்கே போடலாம்?

நல்ல ஹெட்போன் வாங்கக் கிளம்புகிறவர்கள் பாதி வழியில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) பக்கம் திரும்பிவிடுகிறார்கள். ஹெட்போனின் மின்தடை 300 ஓம் என்றால் பெரிய ஆம்ப் இல்லாமல் தொடவே கூடாது, பிளேனர் (மெல்லிய படலம் அசைந்து ஒலிக்கும் வகை) என்றால் தனி ஆம்ப், அதற்கு மேல் இரண்டு காதுக்கும் தனித்தனி இணைப்புள்ள பேலன்ஸ்டு கேபிள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போய், ஹெட்போனுக்குப் போக வேண்டிய காசு கடைசியில் ஆம்புக்குப் போய்ச் சேருகிறது. என்னிடம் மூன்று ஹெட்போனும் மூன்று கையடக்க ஆம்பும் இருக்கின்றன. மாற்றி மாற்றிக் கேட்டதில் எனக்குப் பட்டது இதுதான்: காதில் உட்காரும் பொருளுக்கும் அதன் குஷனுக்கும்தான் முதல் காசு. தேவையான சத்தம் கிடைத்துவிட்டால் அப்புறம் ஆம்ப் ரொம்பச் சின்ன விஷயம்.

முதலில் சென்ஹைசர் எச்டி 650. 2003இல் வந்த 300 ஓம் மாடல், அதற்கு மூத்த எச்டி 600 வந்தது 1997இல். இத்தனை வருஷம் கழித்தும் இரண்டையும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் குரல். ஒரு கச்சேரி ரெக்கார்டிங் போட்டுக் கேளுங்கள், பாடகர் தோடியில் காந்தாரத்தை அசைக்கும்போது அந்த அசைவு தொண்டையிலிருந்து வருவது தெரியும், மூச்சு எடுக்கும் இடம் தெரியும், ஆனால் எதுவும் காதில் வந்து குத்தாது. மிருதங்கத்தில் வலந்தலையின் நாதமும் தொப்பியின் கும்கியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். குறை என்று பார்த்தால் அடி பேஸ்தான். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க சத்தம் தேய்ந்துவிடும், சின்தசைசர் பேஸ் நிறைய உள்ள பாட்டுகளில் தரை இல்லாதது போல் இருக்கும். மேடை விரிவும் கம்மி, எல்லோரும் தலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும், பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் மாடல், இதற்கு நேர் எதிர். பேஸ் தூக்கல், உச்சஸ்தாயி இன்னும் தூக்கல், நடுவில் குரல் ஒரு அடி பின்னால். 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. 'ஸ', 'ஷ' எல்லாம் சீறும், பஜனை ரெக்கார்டிங்கில் ஜால்ரா வந்தால் நான் வால்யூமைக் குறைத்துவிடுவேன். ஆனால் கடமும் மோர்சிங்கும் இதில் கேட்கிற மாதிரி மற்ற இரண்டிலும் கேட்காது. விரல் பட்ட இடமே தெரியும். எடிட்டிங் வேலை செய்பவர்களுக்கு, ரெக்கார்டிங்கில் உள்ள கிளிக், இரைச்சல் எல்லாவற்றையும் இது காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பயன்படும். சாயங்காலம் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க நான் இதை எடுப்பதில்லை.

ஹைஃபைமேன் சுந்தரா பிளேனர் வகை. சாதாரண ஹெட்போனில் உள்ள கூம்பும் காயிலும் இதில் கிடையாது, மெல்லிய படலத்தின் மேல் கடத்தி ஓடுகிறது, காந்தங்களின் புலத்தில் படலம் முழுக்க ஒரே நேரத்தில் அசைகிறது. பேஸும் 650ஐவிடக் கீழே வரை இறங்கும். தம்புராவைக் கேட்டால் வித்தியாசம் புரியும்: 650இல் ஒரே கார்வையாகக் கேட்பது இதில் நாலு தந்தியாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் ரீங்காரமும் எப்போது எழுந்து எப்போது அடங்குகிறது என்பது வரை கேட்கும். குரலில் மட்டும் 650இன் சதைப்பற்று இல்லை, கொஞ்சம் மெலிந்து ஒலிக்கும்.

சரி, சொகுசு. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பாதி விஷயம். 650 கிட்டத்தட்ட 260 கிராம், டிடி 990 கேபிளை விட்டுவிட்டால் 250 கிராம், சுந்தரா 372 கிராம். எண்ணில் 110 கிராம் கூட என்றால் ஒன்றுமில்லை போலத் தெரியும், ஒரு முழுக் கச்சேரி கேட்டு முடிக்கும்போது உச்சந்தலைக்குத் தெரியும். சுந்தராவின் பட்டை எடையை நன்றாகவே பரப்புகிறது, ஆனால் காதுக்கூடுகள் பக்கவாட்டில் திரும்பாது, தாடை குறுகலாக உள்ளவர்களுக்குக் காதுக்குக் கீழே சின்ன இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் பேஸ் போச்சு, அப்புறம் எந்த ஆம்பைப் போட்டும் அது திரும்பி வராது.

புது 650இன் பிடி ரொம்ப இறுக்கம். கண்ணாடி போடுகிறவர்களுக்கு, நானும் போடுகிறேன், காதுக்கு மேலே கண்ணாடிக் காம்பு அழுந்தி ஒரு மணி நேரத்தில் வலி வந்துவிடும். அதன் பட்டையில் இருபுறமும் நீட்டிக்கொள்ளும் உலோகத் தகடு இருக்கிறது. அதை முழுக்க வெளியே இழுத்து, தகட்டை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் வளைத்தால் இறுக்கம் குறையும். பிளாஸ்டிக் பகுதியில் கை வைக்கவே கூடாது, உடைந்துவிடும். டிடி 990இல் இந்தப் பாடு எதுவும் இல்லை. அதன் வெல்வெட் குஷனும் வட்டமான பெரிய குழியும், போட்டதையே மறக்க வைக்கும். சொகுசில் மூன்றிலும் அதற்குத்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே எரிச்சல், அந்தச் சுருள் கேபிள். கழற்ற முடியாது, எழுந்து நடந்தால் மேசையிலிருந்து ஏதாவது ஒன்றை இழுத்துக்கொண்டு வரும்.

மூன்றுமே பின்பக்கம் திறந்த ஓப்பன் பேக் வகை என்பதால் காற்றோட்டம் உண்டு, சென்னையின் மே மாதத்தில் தோல் குஷன் உள்ள மூடிய ஹெட்போனைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதே திறப்பு வழியாக மின்விசிறிச் சத்தமும் உள்ளே வரும். விசிறி வேகமாக ஓடும் அறையில் ஆம்புகளுக்கு இடையே நுண்ணிய வித்தியாசம் தேடுவதில் அர்த்தமே இல்லை.

ஆம்புக்கு வருவோம். என்னிடம் இருப்பவை ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் (போனில் செருகி ஹெட்போனை மாட்டும் குட்டி இணைப்பான்), குடெலிக்ஸ் 5கே, ஐஃபை ஹிப்-டாக். முதலில் கணக்கு. ஆப்பிள் டாங்கிள் முழு வால்யூமில் தருவது கிட்டத்தட்ட 1 வோல்ட். 650க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் வரும் என்கிறது சென்ஹைசரின் அளவீடு. 1 வோல்ட், 300 ஓம், அதாவது வெறும் 3.3 மில்லிவாட். பாட்டின் சராசரி அளவு உச்சத்திலிருந்து 15 முதல் 20 டெசிபல் கீழே இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 80களின் நடுவில் நிற்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் காதுக்கு நல்லது என்கிற அளவுக்கு மேலேயே அந்தச் சின்ன டாங்கிள் கொடுத்துவிடுகிறது. சுந்தரா 37 ஓம்தான், அதே 1 வோல்ட்டில் 27 மில்லிவாட் இழுக்கும், மின்னோட்டம் 650க்கு வேண்டியதைப் போல எட்டு மடங்கு. அதையும் டாங்கிள் தருகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்த ஆப்பிள் டாங்கிளின் முழு வால்யூம் வராது, பாதி வோல்ட்டில் நின்றுவிடும். 650 அப்போது சோர்ந்துதான் கேட்கும். "டாங்கிளுக்கு உயிர் இல்லை" என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூட இருந்தாலே மனசு அதைத்தான் நல்லது என்று சொல்லும். 60 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியிருக்கும்போதே சாதாரண மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் பார்த்தால் போதும். 1 கிலோஹெர்ட்ஸில் மலிவான மீட்டர் தப்பாகக் காட்டலாம், அதனால்தான் 60. நான் அப்படிச் சமமாக்கி, தம்பி எதைச் செருகுகிறான் என்று பார்க்காமல் கேட்டபோது, மூன்று ஆம்பையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 650இலும் முடியவில்லை, சுந்தராவிலும் முடியவில்லை.

அதற்காக எல்லா ஆம்பும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள வால்வு ஆம்பில் 650 நிஜமாகவே வேறு மாதிரி ஒலிக்கும். அதன் மின்தடை எப்போதும் 300 ஓம் இல்லை, பேஸ் பகுதியில் 500 ஓம் பக்கம் ஏறுகிறது. ஆம்பின் பக்கம் 100 ஓம் இருந்தால் அந்த இடத்தில் கிட்டத்தட்ட 1 டெசிபல் கூடிவிடும். 'வால்வின் கதகதப்பு' என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு இதுதான். பிளேனரின் மின்தடை தட்டையாக ஓடுவதால் சுந்தராவுக்கு இந்த மாற்றம் நடக்காது.

ஆக, ஆம்பைச் சத்தத்துக்காக அல்லாமல் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கலாம். ஹிப்-டாக்கின் வால்யூம் குமிழைத் திருப்புவது ஒரு தனி சுகம், பேஸைத் தூக்கும் எக்ஸ்பேஸ் பொத்தான் 650க்குக் கொஞ்சம் அடி பேஸ் கொடுக்கும், ஆனால் சட்டைப் பையில் கனக்கும். குடெலிக்ஸ் தீப்பெட்டி அளவுதான், ப்ளூடூத் உண்டு, பேலன்ஸ்டில் 4 வோல்ட் வரை போகும். எனக்கு அதில் முக்கியம் செயலியில் உள்ள பாராமெட்ரிக் ஈக்யூ, அதாவது வேண்டிய அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி. டிடி 990க்கு 8 கிலோஹெர்ட்ஸில் 5 டெசிபல் குறைத்தேன், ஜால்ரா அடங்கியது. 650க்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றினேன், அதற்கு ஈடாக மொத்த அளவையும் 4 இறக்கினேன். ஆம்பை மாற்றிக் கிடைக்காத வித்தியாசம் இதில் உடனே கிடைத்தது.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 650ம் ஒரு டாங்கிளும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் குடெலிக்ஸ் எடுங்கள். மீதிக் காசில் ஒரு ஜோடி அசல் குஷன் வாங்கி வையுங்கள், ஏனென்றால் பழைய குஷன் அமுங்க அமுங்கக் காது, ஒலியை எழுப்பும் டிரைவருக்குக் கிட்டே போய்விடும், ஒலியே மாறும். மலிவாக விற்கும் தோல் குஷன் வேண்டாம், தடிமனும் துணியும் மாறினால் அது எச்டி 650ஆக ஒலிக்காது. எடிட்டிங்குக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிடி 990. சுந்தராவை மட்டும் கடையில் தலையில் மாட்டி, தாடைப் பக்கம் விரலை வைத்து இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.