கொழுப்புக் கல்லீரல்: மாத்திரையா, நடையா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் நடுத்தர அளவுக் கொழுப்பு, என்று பார்த்ததும் கிருஷ்ணகிரி மாமா கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு என்ன மாத்திரை மாப்ளே?"

மாத்திரை இல்லாமல் இல்லை. சாரோகிளிட்டசார் என்ற மாத்திரைக்கு இந்த நோய்க்காக இந்தியாவில் 2020இல் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் இதற்கென 2024இல் ரெஸ்மெடிரோம் மாத்திரையும் 2025இல் செமாக்ளூடைடு ஊசியும் அனுமதி பெற்றன. ஆனால் அமெரிக்காவில் வந்த இந்த இரண்டும் கல்லீரலில் தழும்பு ஓரளவு முற்றியவர்களுக்கு. அதுவும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான். மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை.

எடைக் குறைப்பின் கணக்கு எளிது. உடல் எடையில் 5% குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7% தாண்டினால் அழற்சி தணியும், 10% குறைந்தால் தழும்பே ஆறக்கூடும். மாமா 80 கிலோ. அவருக்கு 4 கிலோவில் பலன் ஆரம்பம், 8 கிலோ இலக்கு.

"களிதானே சாப்பிடறேன்" என்பார். ராகி நல்லதுதான், ஆனால் அதிலும் மாவுச்சத்துதானே! அத்தை இப்போது மூன்று உருண்டையை ஒன்றாகக் குறைத்து, தட்டில் பாதிக்குக் கீரைக் கடைசலும் அவரைக்காய்ப் பொரியலும் வைக்கிறார். மாம்பழ சீசனில் ஜூஸ் கிடையாது, இரண்டு துண்டு பழம் மட்டும். காலையில் அரைமணி நேரம் வேக நடை. மதுவை அடியோடு விட்டாயிற்று.

தொடக்க நிலையில் என் ஓட்டு நடைக்கே. சுகர் இருந்தாலோ, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு தெரிந்தாலோ டாக்டர் தரும் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். நடையையும் நிறுத்தாதீர்கள்.