பிளேஸ்டேஷனுக்குள் விளக்குப் பொருத்தக் கொடுக்கும் முன்: புதுச்சேரிக் கடை ஒன்றில் எனக்கு நேர்ந்தது

என் தம்பியின் பிளேஸ்டேஷன் 4 வீடியோ கேம் கன்சோலுக்குள் நீல விளக்கு பொருத்தித் தருவதாகச் சொன்ன புதுச்சேரிக் கடை ஒன்று, அந்தக் கன்சோலையே பாழாக்கித் திருப்பித் தந்தது. அதே வேலைக்காகக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பலர் இத்தகைய கடைகளைத் தேடிப் போவதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அது 2013இல் வெளிவந்த முதல் மாதிரி. தம்பி தன் முதல் சம்பளத்தில் சேமித்து வாங்கியது. வேலைக்காக அவன் ஓசூர் சென்றபோது, கன்சோலைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டிலேயே விட்டுச் சென்றான். பக்கவாட்டுப் பிளவுகளிலும் பின்புறக் காற்றுத் துளைகளிலும் நீல ஒளி கசியும்படி அமைத்த கன்சோல்களின் படங்களை அவன் எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வரும்போது அவனுக்கே தெரியாமல் செய்து வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவனைக் கேட்காமலே கன்சோலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினேன்.

உள்ளே எல்.இ.டி. பட்டை பொருத்துவது, தூசி நீக்குவது, செயலியின் (புராசஸர்) மேல் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருக்கும் வெப்பப் பசையை மாற்றுவது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 3,500 ரூபாய் என்றும், இரண்டே நாளில் தருவதாகவும் கடைக்காரர் சொன்னார். முன்பணமாக 2,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்தது கடையின் பெயருக்கு அல்ல, ஒரு தனிநபரின் பெயருக்கு. ரசீது கேட்டபோது, “பில் எல்லாம் எதுக்கு மேடம், ஏதாவதுன்னா நேரா நம்ம கடைக்கு வாங்க” என்றார். அந்த இடத்திலேயே நான் கன்சோலை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் என்றது பதினேழு நாளாயிற்று. அதற்குள் தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக நான்கு முறை போய்த் திரும்பினேன்.

வாங்கி வந்த அன்று ஒளி உண்மையிலேயே அழகாக இருந்தது. மூன்றாம் நாள் இரவு, அரை மணி நேரம் ஓடியதும் மின்விசிறி இரைச்சலிட்டது. கன்சோல் மிகவும் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் தோன்றியது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். புதிய பசை படிய ஒரு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. ஆறாம் நாள், பொத்தானை அழுத்தியதும் பீப் ஒலி கேட்டது, ஒரு கணம் ஒளி வந்தது, கருகிய வாடை அடித்தது. அதன்பின் அது உயிர் பெறவே இல்லை. கடைக்குத் தூக்கிச் சென்றபோது, “உங்க வீட்டு கரண்ட்ல பிரச்சினை” என்று சொல்லி, சரிசெய்ய மேலும் 4,500 ரூபாய் கேட்டார்கள். என் முன்னால் திறந்து காட்டுங்கள் என்றேன். மறுத்துவிட்டார்கள்.

மஞ்சக்குப்பத்தில் பழுது பார்க்கும் ஒருவர் என் கண்முன்னே திறந்து, ஒவ்வொன்றாகக் காட்டிப் படமும் எடுக்கச் சொன்னார். செயலியின் மேல் இருந்தது காய்ந்து பொடியாகிப் போன பழைய பசை; அதை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. காற்று உள்ளே நுழையும் விளிம்பை ஒட்டியே விளக்குப் பட்டையை ஒட்டியிருந்தார்கள். அந்த மாதிரியில் மின்விசிறி இழுக்கும் காற்றுதான் செயலியின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, பவர் சப்ளையையும் கடந்து பின்புறமாக வெளியேறுகிறது. நுழைவாயில் அடைபட்டால் இரண்டும் சேர்ந்து சூடாகும். அந்தச் சூட்டில் இருபக்க ஒட்டுநாடா இளகி, பட்டையின் ஒரு முனை மின்விசிறியை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைவிடப் பெரிய குற்றம் மின்சாரம் எடுத்த விதத்தில் இருந்தது. அது கடைகளில் சுருளாக விற்கும் 12 வோல்ட் பட்டை. அதன் கம்பிகளைப் பவர் சப்ளையின் 12 வோல்ட் முனையில் நேரடியாகப் பற்றவைத்திருந்தார்கள். இடையில் ஒரு பியூஸ்கூட இல்லை. மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட 5050 வகைப் பட்டை மீட்டருக்கு ஏறத்தாழ 14.4 வாட், அதாவது 1.2 ஆம்பியர் இழுக்கும். பளு அதிகம் இல்லைதான். ஆனால் பியூஸ் இல்லாத கம்பி எங்காவது உரசினால், பவர் சப்ளையால் தர முடிந்த மின்சாரம் முழுவதும் அந்த ஒரே புள்ளியில் பாயக்கூடும். இங்கே நடந்ததும் அதுதான். இணைப்புகளுக்கு, சூடாக்கினால் சுருங்கி இறுகும் காப்பு உறை போடாமல் வெறும் செல்லோ டேப் சுற்றியிருந்தார்கள். உலோகத் தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவே நசுங்கிய கம்பியின் மேலுறை கிழிந்து, சில வோல்ட்டுகளில் மட்டுமே இயங்க வேண்டிய பாகங்களின் மேல் 12 வோல்ட் ஏறியிருக்கிறது. கருகிய தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். திருகாணிகளிலும் இரண்டைக் காணவில்லை.

இந்த வேலையே தவறு என்று நான் சொல்லவில்லை. நீல எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டும் 20 மில்லி ஆம்பியரும் போதும்; மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த, 5 வோல்ட் எடுத்தால் 100 ஓம் ரெசிஸ்டரும், 12 வோல்ட் எடுத்தால் 470 ஓம் ரெசிஸ்டரும் தொடரில் சேர்த்தால் அது பாதுகாப்பாக எரியும். பத்து விளக்குகளைத் தனித்தனி ரெசிஸ்டருடன் பக்கம் பக்கமாக இணைத்தாலும் 200 மில்லி ஆம்பியர்தான், யு.எஸ்.பி. துளையே அதைத் தந்துவிடும். பின்புறத்தில் ஒளி தெரிந்தால் போதும் என்பவர்கள், கன்சோலைத் திறக்காமலே யு.எஸ்.பி.யில் செருகும் 5 வோல்ட் பட்டையை வெளியில் ஒட்டிக்கொள்ளலாம். திறந்துதான் ஆக வேண்டும் என்றால், மின்சாரத்தை எந்த முனையிலிருந்து எடுப்பீர்கள், பியூஸ் உண்டா, பட்டை காற்று வழியிலிருந்து விலகி இருக்குமா என்று கேளுங்கள். பதிலைக் காகிதத்தில் வாங்குங்கள். மூடுவதற்கு முன் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இவற்றுக்குத் தயங்கும் கடையில் கன்சோலை விடாதீர்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. பிளேஸ்டேஷன் 4இன் ஹார்ட் டிஸ்க் அந்தந்தக் கன்சோலுக்கே பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க் நன்றாக இருந்தாலும், அதைக் கழற்றி வேறு கன்சோலில் பொருத்தி உள்ளிருப்பதைப் படிக்க முடியாது. தம்பி நான்கு ஆண்டுகளாக விளையாடிச் சேமித்தவை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழுதுக்குக் கொடுக்கும் முன் ஒரு பென் டிரைவில் அவற்றை நகலெடுக்கும் வசதி கன்சோலிலேயே இருப்பது எனக்கு அப்போது தெரியாது. “போனா போகட்டும் அக்கா, விடு” என்று அவன் சொன்னான். அவன் குரல் அப்படிச் சொல்லவில்லை.

விட எனக்கு மனமில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தராமல் இருப்பதும் முறையற்ற வணிகம்தான். கடை புதுச்சேரியில் இருந்தாலும், நான் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்க அதே சட்டம் இடம் தருகிறது. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அளித்தால் போதும். முதலில் வழி கேட்க விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ரசீது இல்லாத எனக்கு ஜிபே பதிவும், வாட்ஸ்அப் உரையாடலும், மஞ்சக்குப்பத்தில் எடுத்த படங்களும்தான் சான்று. பழுது பார்த்தவரிடம் அவர் கண்டதையெல்லாம் எழுதிக் கையொப்பமும் வாங்கியிருக்கிறேன். கழற்றிய விளக்குப் பட்டையையும் கருகிய கம்பித் துண்டையும் ஓர் உறையில் இட்டு, தேதி எழுதி, மனுவோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.