கார்ல எம்ப்ளம், குரோம் பீடிங் கழட்டக் குடுக்கப் போறீங்களா? ராம்நாடு பக்கத்து ஆளுங்க இத படிச்சிட்டு போங்க

ராம்நாடு, உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை பக்கம் கார் வச்சிருக்கவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. டிக்கியில ஒட்டிருக்குற எம்ப்ளம், மாடல் பேரு எழுத்து, கதவுல நீளமா ஓடுற குரோம் பீடிங் இதெல்லாம் எடுத்துட்டு கார ப்ளெயினா ஆக்கலாம்னு நெனக்கிறவங்க முக்கியமா படிங்க. கடை பேரு போடல, விஷயம் புகார்ல இருக்கு. மதுரை–ராமேஸ்வரம் ரோட்டு மேலயே இருக்குற கடை, வாசல்ல பெரிய பேனர், அவ்வளவுதான் சொல்வேன்.

மொதல்ல ஏன் கழட்டணும்னு கேப்பீங்க. ஸ்டைலுக்கு இல்லங்க. நான் செகண்ட் ஹேண்ட்ல மதுரைல வாங்குன செடான், முன்னாடி வச்சிருந்தவரு கைக்கு எட்டுன எடத்துலயெல்லாம் குரோம் ஒட்டி வச்சிருந்தாரு, கதவுல பீடிங், ஹேண்டில்ல கப்பு, டிக்கியில பட்டை. மதுரைல அது பளபளன்னு இருந்துச்சு, மண்டபம் வந்து ஒரு வருஷம் ஆகுறதுக்குள்ள புள்ளி புள்ளியா பூத்து தோல் உரிய ஆரம்பிச்சிருச்சு. இந்த குரோம்ங்குறது பாதிக்கு மேல இரும்பே கெடையாது, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கு மேல தாமிரம், நிக்கல், அதுக்கும் மேல மெல்லிசா குரோமியம் ஏத்துன பூச்சு. உப்புக்காத்து ஒரு சின்ன ஓட்டைல எறங்குச்சுன்னா பூச்சு கெளம்பி பிளேடு கணக்கா நிக்கும், கார் தொடைக்குறப்ப என் பொண்ணு வெரல கிழிச்சிக்கிட்டா. அதவிட மோசம் பின்னாடி இருக்குற பஞ்சு டேப்பு. ஓரம் கெளம்புன எடத்துல உப்புத் தண்ணிய குடிச்சிட்டு அப்டியே பெயின்ட்டு மேல ஒட்டிக்கிட்டு கெடக்கும், நீங்க மேல எவ்வளவு வாட்டர் வாஷ் பண்ணாலும் அங்க தண்ணி போகாது. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் கார ஓட்டிட்டு வந்து பீடிங் ஓரத்த வெரலால தடவிப் பாருங்க, மணலும் உப்பும் சேந்து நறநறன்னு வரும். நம்ம பக்கத்துக் காத்து அப்டி. 1914ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துலயே துருப்பிரச்னையில 2022 டிசம்பரோட ரயில நிறுத்திட்டாங்க, 2025ல திறந்த புதுப் பாலத்துக்கு துரு வராம இருக்கன்னே தனியா பெயின்ட் பூசிருக்காங்க. அதெல்லாம் பாத்துட்டுதான் இந்த ஒட்டுன குரோம்ல ஒண்ணும் கார்ல இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

கடைக்காரரு பாத்தாரு. "அண்ணே இதெல்லாம் ஒரு வேலையாண்ணே, ஹாட் கன்ல சூடு காத்து காட்டுனா வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு வந்துரும், காம்பவுண்ட் பாலிஷ் போட்டு புதுசா குடுத்துர்றேன்"னாரு. எல்லாம் சேத்து 1,500 ரூவா. கழட்டுன எம்ப்ளத்த பத்திரமா எடுத்து வையிங்க தம்பி, நாளைக்கு விக்கிறப்ப வேணும்னு ரெண்டு தடவ சொல்லிட்டுதான் சாவி குடுத்தேன். காலைல விட்டுட்டு சாயங்காலம் எடுத்துக்கலாம்னு பேச்சு.

மத்தியானம் போன். "அண்ணே, டிக்கில பெயின்ட் லேசா தூக்கிருச்சு, உங்க கார் ஏற்கனவே ரீபெயின்ட் அடிச்ச வண்டி, யாரோ உங்கள ஏமாத்தி வித்துருக்காய்ங்க, பயப்படாதீங்க நான் அடிச்சுக் குடுத்துர்றேன்." எனக்கு அங்கயே சுருக்குன்னுச்சு. ஏன்னா வாங்குறப்ப மதுரைல ஒரு ஆள வச்சு பெயின்ட் கனம் அளக்குற மீட்டர் போட்டுப் பாத்து ரிப்போர்ட்டு வாங்கி வச்சிருக்கேன், அதுல டிக்கி பேனல் 115 மைக்ரான்னு இருக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). கம்பெனி பெயின்ட்டு பொதுவா 100ல இருந்து 150 மைக்ரானுக்குள்ளதான் நிக்கும், ரீபெயின்ட் பண்ண பேனல் பெரும்பாலும் 200 தாண்டும், பட்டி, அதாவது பள்ளத்த நெரப்ப அப்புற பசை, போட்டிருந்தா எங்கயோ போயிரும். இத போன்ல சொன்னேன், "மிஷினெல்லாம் தப்பா காட்டும்ணே"ன்னு கட் பண்ணிட்டாரு.

அடுத்த நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் டெலிவரி. இந்த ராத்திரி டெலிவரிய மட்டும் ஒத்துக்காதீங்க. டியூப் லைட் வெளிச்சத்துல எந்தக் காரும் கல்யாண மாப்பிள்ளதான். பில்லு 7,200. பெயின்ட் மெட்டீரியல், லேபர், பாலிஷ்னு தாள்ல கையால எழுதிக் குடுத்தாரு, ஜிஎஸ்டி பில் கேட்டா அது வேற ரேட்டாம். அந்தத் தாளுலயாவது சீல் வச்சு கையெழுத்து போடுங்கன்னு நின்னு வாங்குனேன், ஜிபேல பணம் போட்டேன். எம்ப்ளம் எங்கன்னு கேட்டதுக்கு, "உடைஞ்சு போச்சுண்ணே, குப்பைல போயிருச்சு".

காலைல வெயில்ல பாத்தா டிக்கி ஒரு கலரு, பக்கத்து பேனல் ஒரு கலரு. மெட்டாலிக் கிரே வண்டிக்கு கலர் கோடு வண்டியிலயே ஸ்டிக்கர்ல இருக்கும், அதப் பாத்து மிக்ஸ் பண்ணணும், இவரு கண்ணால பாத்து கலக்கிருக்காரு. டெயில் லேம்ப் கண்ணாடி பூரா பொடிப்பொடியா பெயின்ட் துளி. கதவுல பீடிங் இருந்த எடத்துக்குக் கீழ ரெண்டு எடத்துல கிளியர் கோட்டு, அதான் பெயின்ட்டுக்கு மேல இருக்குற கண்ணாடி மாதிரி பூச்சு, சுருங்கி வெரல் வச்சா சொரசொரன்னு இருக்கு, அது ஹாட் கன் ஒரே எடத்துல நின்னதால வர்றது. ஹாட் கன் மூக்குல 500, 600 டிகிரி வரைக்கும் வரும், ஆனா கம்பெனியில பெயின்ட்ட சுடுறதே 140 டிகிரி கிட்டதான். டேப்பு இளக அதுல பாதி சூடு கூட வேணாம்.

இதுல இன்னொரு கூத்து. கண்ணாடிக்குக் கீழ ஓடுற குரோம் பட்டை இருக்குல்ல, அத நான் தொடவே சொல்லல. அது டேப்புல ஒட்டுனது இல்ல, ரப்பரோட சேந்து கதவு தகரத்துல கவ்வி நிக்கிறது, கண்ணாடிய தொடைச்சு விடுறதே அந்த ரப்பருதான். டிரைவர் பக்கம் ஸ்க்ரூ டிரைவர் குடுத்து நெம்பிருக்காங்க, வரல, வளைச்சு திரும்ப அமுக்கி விட்டுட்டாங்க. இப்ப கண்ணாடி எறக்கி ஏத்துனா கோடு விழுது, மழைத் தண்ணி கதவுக்குள்ள எறங்குது, கீழ பவர் விண்டோ மோட்டாரு இருக்கு. இந்தப் பட்டை கருப்பா வேணும்னா கழட்டவே கூடாது, மேல கருப்பு வினைல் ஒட்டிக்கலாம், வேணாம்னா உரிச்சுக்கலாம்.

திரும்பப் போய் கேட்டேன். "வெயில்ல ஓடுச்சுன்னா கலர் செட் ஆயிரும்ணே." பெயின்ட்டு என்ன, புது மருமகளா, வீட்டுக்குப் பழகிக்கிறதுக்கு?

ஆனா இதெல்லாம் மேல தெரியுற கோளாறு. நான் பதிவு போடக் காரணம் மேல தெரியாத கோளாறு. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் காருக்குள்ள ஒரு புழுங்குன நாத்தம். டிக்கி மேட்ட தூக்குனா அடி நனைஞ்சிருக்கு, ஸ்டெப்னி குழியில தண்ணி நிக்குது, ஜாக்கி பூரா ஆரஞ்சு கலரு துரு. டிக்கி ரப்பரு நல்லாத்தான் இருக்கு, டெயில் லேம்ப் பக்கமும் காஞ்சிருக்கு. கடைசில ராம்நாட்டுல கார் தகர வேலை பாக்குற பழைய டிங்கர் பாய் ஒருத்தர் கிட்ட கொண்டு போனேன். அவரு டிக்கி மூடியோட உள்பக்க அட்டைய கிளிப் கழட்டி எடுத்தாரு, என்ன உள்ள குனிஞ்சு பாக்கச் சொன்னாரு, கையில டார்ச்ச குடுத்தாரு. வெளிய நின்னு ஒரு செம்புத் தண்ணிய லோகோ இருந்த எடத்துல மெதுவா ஊத்துனாரு. தகரத்துல பொத்தான் சைசுல ரெண்டு ஓட்டை, ரெண்டையும் சுத்தி பட்டி வெளியில இருந்து பிதுங்கி உள்ள காஞ்சு நிக்குது, அதுல ஒண்ணுல பட்டி வெடிச்சிருக்கு, அந்த வெடிப்பு வழியா ஒரு சொட்டு வந்து தொங்குச்சு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒழுக்கா ஓட ஆரம்பிச்சிருச்சு.

பாய் சொன்னாரு, "தம்பி, லோகோவுக்குப் பின்னாடி ரெண்டு ஊசி இருக்கும், நேரா ஒக்காரணும்னு கம்பெனிக்காரன் ஓட்டை போட்டுருப்பான். லோகோவும் அதோட டேப்பும்தான் அந்த ஓட்டைக்கு மூடி. மூடிய எடுத்தா ஓட்டைய தகரம் வச்சு பத்தவைக்கணும், இல்ல ரப்பர் அடைப்பு போடணும். இவன் வெறும் பட்டிய அப்பிருக்கான், கீழ துரு புடிக்காம அடிக்கிற பிரைமர் கூட இல்ல." அப்புறம் மெல்லிசு துணி சுத்துன காந்தத்த டிக்கி மேல வச்சு நகட்டுனாரு. மத்த எடத்துல டக்கு டக்குன்னு புடிச்சது, லோகோ இருந்த எடத்துல வழுக்கி கீழ விழுந்துருச்சு, பட்டி கனமா இருந்தா காந்தம் தகரத்த புடிக்காது. எழுத்து ஒட்டிருந்த எடத்துலயும் அப்டித்தான். அதாவது எழுத்த பட்டி பிளேடு போட்டு நெம்பிருக்காங்க, தகரம் வரைக்கும் கீறல் எறங்கிருக்கு, அதையும் பட்டியால மூடி ஒரே ஸ்ப்ரே. பட்டிங்குறது ஈரத்த இழுக்கும், வெறும் தகரத்து மேல போட்டா அடியில துரு ஓடும். மேல பெயின்ட்டு கொப்புளம் விடுறப்பதான் நமக்குத் தெரியும், அதுக்குள்ள அவன் பணத்த வாங்கி மாசக்கணக்காயிருக்கும். பாய் கிட்டயே மீட்டர் இருந்துச்சு, லோகோ எடத்துல அது 1,400 மைக்ரான் காட்டுச்சு. மதுரை ரிப்போர்ட்ல 115 இருந்த அதே பேனல்.

உடைஞ்சு குப்பைக்குப் போன எம்ப்ளம் கதையும் சொல்லிர்றேன். என் மச்சான் அந்தக் கடைக்குப் போய் இந்த மாடலுக்கு டிக்கி எழுத்து கெடைக்குமான்னு சும்மா கேட்டான். "ஒரிஜினல் செட்டு இருக்கு, 900 ரூவா"ன்னு எடுத்துக் காட்டிருக்காங்க. போட்டோ எடுத்து அனுப்புனான். கடைசி எழுத்தோட ஓரத்துல ஒரு சின்ன வெட்டு, எங்க வீட்டு கேட்டுல பட்டது. என்னோடதுதான்.

சரி, இத ஒழுங்கா எப்படிச் செய்யணும்னு பாய் சொன்னதையும் நான் அப்புறம் தெரிஞ்சுக்கிட்டதையும் சேத்து சொல்றேன். மொத வேலை, டிக்கி உள்பக்க அட்டைய எடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பாக்குறது. ஓட்டை இருந்தா லோகோவ விட்டுருங்க, எழுத்த மட்டும் எடுங்க, எழுத்து பெரும்பாலும் வெறும் டேப்புலதான் நிக்கும். சில வண்டியில லோகோவே டிக்கி திறக்குற ஸ்விட்சு, முன்னாடி லோகோவுக்குப் பின்னாடி ரேடார் இருக்குற வண்டியும் இப்ப நெறைய வருது, அந்தப் பக்கமே போக வேணாம். அப்புறம் நல்லா தண்ணி அடிச்சு மணல் ஒரு பொட்டு இல்லாம கழுவணும், இல்லன்னா அந்த மணலே உப்புத்தாள் வேல பாத்துரும். நம்ம ஊரு மத்தியான வெயில்ல கொஞ்ச நேரம் நிறுத்துனாலே பாதி இளகிரும், மிச்சத்துக்கு தலை காயவைக்கிற ஹேர் டிரையர் போதும், கைய வச்சா தாங்குற சூடுதான் அளவு. நெம்புறதுக்கு இரும்பு எதுவுமே வேணாம். தூண்டிக்குப் போடுற தங்கூசி நரம்பு நம்ம ஊர்ல எந்தக் கடையிலயும் கெடைக்கும், ஒரு முழம் வெட்டி ரெண்டு கையிலயும் சுத்திக்கிட்டு எழுத்துக்குப் பின்னாடி விட்டு ரம்பம் இழுக்குற மாதிரி இழுத்தா டேப்பு நடுவுல அறுந்து எழுத்து முழுசா கையில வரும். மிச்சப் பிசின கட்டைவெரலால சூடு காட்டி உருட்டி எடுக்கலாம், போகாததுக்கு பிசின் எடுக்குற ஸ்ப்ரே இருக்கு, டபிள்யூ டி 40 கூட மெதுவா இளக்கும். என்சி தின்னர் ஊத்த விடாதீங்க, கம்பெனிக்கு வெளிய கடையில அடிச்ச பெயின்ட்டுன்னா இளகிரும், பிளாஸ்டிக்கையும் திங்கும். கழட்டுன எடத்துல எழுத்து நெழல் மாதிரி தெரியும், அடியில வெயில் படாத பெயின்ட்டு அது, காம்பவுண்ட் போட்டா கொறையும், ரொம்ப வருஷ வண்டின்னா முழுசா போகாது. அத "பெயின்ட் அடிச்சாதான் போகும்"னு சொல்லி காசு கேக்குறவங்களும் இருக்காங்க.

கடைல குடுத்தே ஆகணும்னா பக்கத்துல நின்னு செய்ய வைங்க, விட்டுட்டுப் போகாதீங்க. குடுக்குறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் வீடியோ எடுத்து வைங்க. பெயின்ட் அடிக்கணும்னு போன் வந்தா, "கைய எடுங்க, நான் வந்து பாத்துக்கிறேன்"னு சொல்லிட்டு நேர்ல போயிருங்க, பட்டி மூடுறதுக்கு முன்னாடி அடித் தகரத்த போட்டோ எடுத்துக்கங்க.

நான் கடைக்காரருக்கு ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் விட்டேன், வாங்கிக்கிட்டு பதில் இல்ல. 1915க்குப் போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அஞ்சு லட்சம் வரைக்கும் பணம் குடுத்த விஷயத்துக்கு அங்க ஃபீஸ் கெடையாது, வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். கைல எழுதுன அந்தத் தாளு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், ரெண்டு மீட்டர் ரீடிங், மச்சான் எடுத்த போட்டோ எல்லாம் சேத்து வச்சிருக்கேன். பாய் டிக்கி மூடிய கழட்டி பட்டிய பூரா சொரண்டி ஓட்டைய பத்தவச்சு பிரைமர்ல விட்டுருக்காரு, மொத்தம் 11,000 ஆகும்னு சொல்லிருக்காரு, அதையும் புகார்ல சேக்கப் போறேன்.

கடந்த ஒரு வருஷத்துல இந்த ரோட்டுல எங்கயாவது லோகோ எடுத்தவங்க இருந்தா, இன்னைக்கே டிக்கி மேட்ட தூக்கி ஸ்டெப்னி குழியில கைய விட்டுப் பாருங்க. ஈரம் இருந்து, பில்லும் அதே கையெழுத்துத் தாளா இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே புகார் போடலாம்.