பூட் ஆகாத டிஸ்க்: ஸ்டார்ட்டப் ரிப்பேரா, கட்டளையா, லினக்ஸ் பென்டிரைவா?

கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' (கணினி எழுவதற்கான, அதாவது பூட் ஆவதற்கான, டிஸ்க் கிடைக்கவில்லை) என்று வந்தால் கடையில் முதலில் சொல்வது, "ஓஎஸ் போட்டுடலாம் சார்". போடலாம்தான். ஆனால் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு அதுதான் ஆபத்தான வழி. நான் வழிகளை எளிது, கடினம் என்று பிரிப்பதில்லை. டிஸ்கில் எழுதுவது எது, படிப்பதோடு நிற்பது எது என்றுதான் பார்ப்பேன்.

அதற்கும் முன்னால் பயோஸை, அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையை, திறந்து டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் எந்த மென்பொருளும் உதவாது. மேசைக் கணினியானால் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். பெயர் இருந்து, தேதி மட்டும் பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். அப்போது அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். எந்த டிஸ்கிலிருந்து முதலில் எழுவது என்ற பூட் வரிசையும், டிஸ்கோடு பேசும் சாட்டா முறையும் மாறிப்போனால், விண்டோஸ் நன்றாக இருந்தும் எழாது. புது பேட்டரி போட்டு, அமைப்புகளைச் சரிசெய்தால் முடிந்தது.

விண்டோஸே பூட் கோளாறைத் தேடிச் சரிசெய்ய முயலும் ஸ்டார்ட்டப் ரிப்பேரின் பலம், யாரும் அழுத்தலாம் என்பது. பலவீனம், என்ன செய்தது என்று திரையில் சொல்லாதது. விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் மேனேஜரே டிஸ்கிலிருந்து எழாதபோது அது தானாகவும் வராது. இன்னொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயாரிக்க வேண்டும். அவ்வளவு தூரம் போனபின், அதே பென்டிரைவில் கட்டளைத் திரையும் இருக்கிறதே!

கட்டளை என்றதும் இணையத்தில் எல்லோரும் 'பூட்ரெக்' என்ற பூட் பழுதுக் கட்டளையின் வரிகளை ஒப்பிக்கிறார்கள். அதன் 'ஃபிக்ஸ்எம்பிஆர்' முதல் செக்டாரில் பூட் நிரலை வைத்திருக்கும் பழைய எம்பிஆர் டிஸ்குகளுக்கானது. பழைய பயோஸின் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ கொண்ட இன்றைய கணினிகள் டிஸ்கின் முதல் செக்டாரிலிருந்து பூட் ஆவதில்லை; ஃபேட்32 வடிவிலுள்ள சிறு ஈஎஃப்ஐ பகுதியிலிருந்து ஆகின்றன. 'ஃபிக்ஸ்பூட்' பல நேரம் 'ஆக்சஸ் டினைடு' என்று கைவிரிக்கும். எனக்குப் பிடித்தது 'பிசிடிபூட்'. டிஸ்க் பகுதிகளைக் கையாளும் டிஸ்க்பார்ட்டில் அந்தச் சிறு பகுதிக்கு ஓர் டிரைவ் எழுத்து கொடுத்துவிட்டு, விண்டோஸ் கோப்புறையைக் காட்டினால் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும். மீட்புத் திரையில் உங்கள் சி டிரைவ் டி ஆகத் தெரியலாம். முதலில் கோப்புகளைப் பட்டியலிடும் 'டிர்' போட்டு உறுதிசெய்யுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் கோப்புறை திறக்காது.

இருந்தாலும் என் முதல் தேர்வு லினக்ஸ் பென்டிரைவ்தான். உபுண்டுவையோ மின்டையோ நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பை, பாருங்கள். ஹார்டு டிஸ்கில் படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் 'பெண்டிங் செக்டார்' எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால் பழுதுபார்க்கும் எண்ணத்தையே ஒத்திப்போடலாம். அந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான 'செக்டிஸ்க் ஆர்' ஓட்டுவது, ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைத்து வதைப்பது. கோப்புகளை வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். படிக்க அடம்பிடித்தால் லினக்ஸின் நகலெடுக்கும் கருவியான 'டிடிரெஸ்க்யூ' முதலில் நல்ல பகுதிகளை எடுத்துவிட்டு, கெட்டவற்றுக்குப் பிறகு திரும்பும். ஒரே குறை, விண்டோஸ் பூட்டை லினக்ஸிலிருந்து சரிசெய்வது சுற்றுவழி. அதற்கு மறுபடி பிசிடிபூட்டிடம்தான் வர வேண்டும்.

விண்டோஸை 'ரீசெட்' செய்து 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுப்பதைப் பலர் பத்திரமான நடுவழி என்று நம்புகிறார்கள். உங்கள் சொந்தக் கோப்புகள் தங்கும், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். கணக்கு மென்பொருள் தன் தரவைத் தன் நிரல் கோப்புறைக்குள்ளேயே வைத்திருந்தால் அதையும் நம்பிவிட முடியாது. நகல் கையில் இருக்கும்போது ரீசெட்டோ புது நிறுவலோ தாராளமாகச் செய்யலாம்.

டிஸ்க் 'டக் டக்' என்று ஒலித்தால் மட்டும் இந்த நான்கில் எதையும் தொடாதீர்கள், லினக்ஸ் உட்பட. மின்சாரத்தை அணைத்துவிட்டு, தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.