பழைய காரும் ஒரு டிசி கிளாம்ப் மீட்டரும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

முப்பது வயதைத் தாண்டிய என் காருக்காக ஓராண்டுக்கு முன் ஒரு டிசி கிளாம்ப் மீட்டர் வாங்கினேன்; கம்பியை அறுக்காமல், கழற்றாமல், தாடை போன்ற கவ்வியால் பிடித்தே அதில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி அது. ஹெட்லைட் மங்கலாக எரிவது, மூன்று நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுவது, டேஷ்போர்டு முட்கள் தம் விருப்பத்துக்கு ஏறுவது என்று கோளாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் வயரிங் முழுவதையும் மாற்றிவிடச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வயரிங்கை மாற்றவில்லை, மூன்று கோளாறுகளும் தீர்ந்தன. அதில் இந்தக் கருவியின் பங்கு எவ்வளவு, எங்கே அது என் காலை வாரியது என்பதை எழுதுகிறேன். ஒரே அச்சில் வார்த்த உடலோடு பல பெயர்களில் விற்கப்படும் கருவி என்பதால் பெயரைவிட அதன் தன்மைகளைச் சொல்வதே வாங்குபவருக்கு உதவும்.

முதலில் கவனிக்க வேண்டியது, கருவி நேர்மின்னோட்டத்தை அளக்குமா என்பது. கிளாம்ப் மீட்டர்களில் பல, வீட்டு மின்சாரம் போன்ற மாறுமின்னோட்டத்தை மட்டுமே கவ்வி அளப்பவை; காரில் அவற்றின் தாடைக்கு வேலையே இல்லை. பேட்டரியிலிருந்து ஓடும் நேர்மின்னோட்டத்தை அளக்கத் தாடைக்குள், காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் இருக்க வேண்டும். என்னுடையதில் அது இருக்கிறது. மிகச் சிறிய வரம்பில் 0.01 ஆம்பியர் வரை எண் காட்டுகிறது. இரண்டு சோதனைக் கம்பிகளைச் செருகினால் வோல்ட், ஓம், கன்டினியூட்டி (கம்பி அறுபடாமல் தொடர்கிறதா என்பது) ஆகியவற்றையும் அளக்கும் சாதாரண மல்டிமீட்டராகிவிடுகிறது.

ஹெட்லைட்டில்தான் முதல் பாடம் கிடைத்தது. எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் வைத்தபோது 14.1 வோல்ட். பல்பின் பிளக்கைக் கழற்றி, அதன் துளைகளில் சோதனை முனைகளை வைத்தால் 14.0 வோல்ட். அப்படியானால் வயரிங்கில் குறையில்லை, பல்பு கெட்டிருக்கிறது என்று முடிவுசெய்து புதிய பல்புகளைப் போட்டேன். வெளிச்சம் இம்மியும் கூடவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தவறு. வோல்ட் அளக்கும்போது இத்தகைய மீட்டரின் உள்தடை ஏறத்தாழ 1 கோடி ஓம் என்பதால் அதன் வழியே ஓடும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. கம்பியின் பத்து இழையில் ஒன்பது அறுந்து, மீதி ஒன்றும் பச்சைக் களிம்பேறிக் கிடந்தாலும் அது முழு வோல்டேஜைக் காட்டும். 55 வாட் பல்பு கேட்கும் நான்கரை ஆம்பியர் ஓடத் தொடங்கும்போதுதான் அந்தக் களிம்பு தன் வேலையைக் காட்டும். ஆகவே பிளக்கைப் பல்பிலேயே விட்டு, விளக்கை எரியவிட்டு, பிளக்கின் பின்புறமாக மெல்லிய ஊசிகளைச் செருகி அளந்தேன். 11.6 வோல்ட்!

எரிகிற பல்புக்கும் பேட்டரிக்கும் இடையே 2.5 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. அது எங்கே என்று தேடுவதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒரே வழித்தடத்தின் இரு புள்ளிகளில் வைத்தால், அந்த இரு புள்ளிகளுக்கு இடையே தொலைவது எவ்வளவு என்று மீட்டரே சொல்லிவிடுகிறது. பல்பின் எர்த் முனையிலிருந்து (மின்னோட்டம் காரின் உடல் வழியாகத் திரும்பும் பக்கம்) பேட்டரியின் மைனஸ் முனைக்கு வைத்தபோது 0.9 வோல்ட், நல்ல எர்த்தில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. பிளஸ் பக்கத்தில் மீதி 1.6: அதில் பியூஸ் பெட்டியில் 0.3, டேஷ்போர்டிலுள்ள விளக்கு சுவிட்சுக்குள் 0.8, மீதி நீண்ட மெல்லிய கம்பியிலும் அதன் இணைப்புகளிலும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் மின்னோட்டம் முழுவதும் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச்) இல்லாமல் நேரே சுவிட்ச் வழியாகவே செல்லும் என்பதால் சுவிட்சின் உள்முனைகள் ஆண்டுக்கணக்கில் கருகிக்கொண்டே வருகின்றன. எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். வளையத்துக்கு அடியில் துரு, துருவுக்கு மேல் யாரோ அடித்த பெயின்ட். உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து முறுக்கி, சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும்படியும் பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனிப் பியூஸ் வழியாகத் தடித்த கம்பியில் வரும்படியும் மாற்றினேன். பல்பில் இப்போது 13.7 வோல்ட் கிடைக்கிறது. இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். அந்தக் கணக்கில், இப்போது கிடைக்கும் வெளிச்சத்தில் பாதிக்குச் சற்றே கூடுதலான அளவை வைத்துக்கொண்டுதான் அத்தனை நாள் இரவில் ஓட்டியிருக்கிறேன்.

இதுவரை சொன்னதற்குக் கிளாம்ப் தேவையில்லை. எளிய மல்டிமீட்டரே போதும். கிளாம்புக்குக் கொடுத்த கூடுதல் பணம் பேட்டரி இறங்கும் கோளாறில்தான் திரும்பக் கிடைத்தது. வண்டியைப் பூட்டி, எல்லாவற்றையும் அணைத்து, கதவுச் சுவிட்சை அழுத்திக் கட்டி, பேட்டரியின் மைனஸ் கேபிளைத் தாடையால் கவ்வினேன்: 0.42 ஆம்பியர். கடிகாரமும் ரேடியோவின் நினைவகமும் மட்டும் விழித்திருக்கும் பழைய காரில் 0.05 ஆம்பியருக்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி என்றால் மூன்று நாளில் முப்பது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றாம் நாள் காலையில் செல்ப் எடுக்காததில் வியப்பில்லை.

வழக்கமான வழி பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் எண் குறைகிறது என்று பார்ப்பது. அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒட்டிக்கொண்ட ரிலே ஒன்று காரணமாக இருந்தால், பியூஸைப் பிடுங்கிய கணத்தில் அது விடுபட்டு, கோளாறும் அன்றைக்கு ஒளிந்துகொள்ளும். எனவே பியூஸைப் பிடுங்காமல் அதன் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் முனைகளை வைத்து மில்லிவோல்ட் அளந்தேன். 10 ஆம்பியர் பிளேடு பியூஸ் ஒன்றின் வழியே 0.4 ஆம்பியர் கசிந்தால் மூன்று மில்லிவோல்ட் அளவுக்குக் காட்டும், கருவியின் 0.1 மில்லிவோல்ட் நுணுக்கம் அதற்குத் தாராளம். எந்தப் பியூஸிலும் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. ஹெட்லைட்டுக்கு நான் புதிதாக இழுத்ததை விட்டால், பியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேரே செல்லும் கம்பிகள் இரண்டுதான்: செல்ப் மோட்டாருக்கு ஒன்று, எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு ஒன்று. ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கவ்வியபோது 0.38. ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாமல், இரண்டே நிமிடத்தில் குற்றவாளி பிடிபட்டது. எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் மாறுமின்னழுத்தத்தை அளந்தபோது 0.9 வோல்ட் வந்தது. நல்ல ஆல்டர்னேட்டரில் அது 0.1 வோல்ட்டைத் தாண்டாது, அரை வோல்ட்டைத் தாண்டினால், அதற்குள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடு போய்விட்டது என்று கொள்ளலாம். டயோடு தட்டை மாற்றிய பின் மொத்தக் கசிவு 0.04 ஆம்பியருக்கு இறங்கியது.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்து வண்டிகளோடு விட்டிருக்க வேண்டிய பழக்கம் அது. கழற்றும் கணத்தில் எழும் உயர் வோல்டேஜ் டயோடையும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் சேர்த்தே சாய்த்துவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பது அதைவிட எளிது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, தாடையின் பூஜ்யம் நிலையாக நிற்பதில்லை. ஹால் சென்சார் பூமியின் காந்தப்புலத்தையும் உணரும் என்பதால் கருவியைத் திருப்பிப் பிடித்தாலே எண் 0.03 வரை நகர்கிறது. அளக்கப்போகும் இடத்துக்கு அருகே, அதே திசையில் பிடித்து, பூஜ்யப் பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு கவ்வ வேண்டும். 0.42 போன்ற கசிவைப் பிடிக்க இது தடையில்லை, 0.04 உண்மையா, 0.07 உண்மையா என்று தீர்மானிக்க இதை நம்ப முடியாது. நான் பழைய மல்டிமீட்டரை மைனஸ் கேபிளோடு தொடராக இணைத்து, 38 மில்லிஆம்பியர் என்று உறுதிசெய்துகொண்டேன். அப்படி இணைத்திருக்கும்போது கதவைத் திறக்கவோ சாவியைத் திருப்பவோ கூடாது. செல்ப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தில் மீட்டரின் 10 ஆம்பியர் பியூஸ் கண நேரம்கூடத் தாங்காது. கம்பியை ஆம்பியர் துளையிலேயே மறந்துவிட்டு வோல்ட் அளக்கப் போய் அந்தப் பியூஸை நான் ஒரு முறை எரித்திருக்கிறேன். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் துளையே இல்லை என்பதை மறதிக்காரர்கள் ஒரு சிறப்பாகவே கொள்ளலாம்.

பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் ஏற்பாடு இன்னொரு தொல்லை. கசிவைத் தேடும்போது காத்திருப்பதுதான் பாதி வேலை. பொத்தான் ஒன்றை அழுத்திக்கொண்டே கருவியை இயக்கினால் அது அணையாது என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உடன் வரும் சோதனைக் கம்பிகள் குளிரில் குச்சி போல விறைக்கின்றன. முனைகள் தடிமனாக இருப்பதால் பிளக்கின் பின்புறம் நுழைவதில்லை. ஓம் வரம்பு காரின் தடித்த கம்பிகளுக்கு அநேகமாகப் பயனற்றது. சோதனைக் கம்பிகளின் சொந்தத் தடையே 0.2 ஓம் இருக்கும்போது, செல்ப் கேபிளில் 0.01 ஓம் கோளாறை அது எப்படிக் காட்டும்? 150 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.01 ஓமே ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். ஓம் வரம்பை நான் ரிலேச் சுருளுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்: 85, 86 என்று எண்ணிட்ட முனைகளுக்கிடையே 70 முதல் 100 ஓம் வரை வந்தால் சுருள் நலம். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் மஞ்சள் நிறப் பிளக்குகளில் இந்த வரம்பை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யும் அபாயம் உண்டு.

கன்டினியூட்டி பீப் அரை நொடி தாமதித்து ஒலிக்கிறது. கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள் அறுந்து தொட்டு, தொட்டு அறும் கம்பியை ஆட்டி ஆட்டித் தேடும்போது அந்த அரை நொடிக்குள் தொடர்பு வந்து போய்விடுகிறது. அவ்விடத்தில் ஒரு பல்பும் இரண்டு துண்டுக் கம்பியும் கொண்ட டெஸ்ட் லாம்ப் இந்தக் கருவியை எளிதாகத் தோற்கடித்தது. 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுப்பதால், ஒற்றை இழையில் தொங்கும் கம்பியின் முன் மீட்டரைப் போல ஏமாறுவதற்கும் அதற்கு வாய்ப்புக் குறைவு. எஞ்சின் கணினியின் கம்பிகளில் மட்டும் அதை வைக்கக் கூடாது.

டேஷ்போர்டு முட்களின் கதையில் இந்தக் கருவிக்கு நடுத்தர மதிப்பெண்தான். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே ஏறின; இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசர், விட்டு விட்டு மின்சாரம் கொடுத்துச் சராசரியாக 10 வோல்ட் பராமரிக்கும் இரட்டை உலோகப் பட்டை வகை. ஒழுங்காக இயங்கும்போது அதில் மீட்டரை வைத்தால் 0, 12, 0, 12 என்று எண்கள் குதிக்கும். என்னுடையதில் அசையாமல் 12.4. ஸ்டெபிலைசரின் எர்த் விட்டுப்போயிருந்தது. கோளாற்றைக் கண்டுபிடிக்க இது போதும், ஆனால் சரிசெய்த பின் சராசரி பத்துதானா என்று பார்க்க, முள் வைத்த பழைய மீட்டரைத்தான் கடன் வாங்கினேன்.

பேட்டரி மாதந்தோறும் இறங்கும் பழைய வண்டியை வைத்திருப்பவர் இதைத் தயங்காமல் வாங்கலாம். விளக்கு மங்கல், எர்த் கோளாறு ஆகியவை மட்டும் உள்ளவருக்கு எளிய மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லாம்பும் போதும். எதை வாங்கினாலும் நல்ல சிலிக்கான் சோதனைக் கம்பிகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சென்ற மாதம் ஒரு காலையில், இரவு முழுவதும் நின்றிருந்த காரின் பேட்டரியில் 13.4 வோல்ட் காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியும் ஓய்வில் 12.6 அளவில்தான் நிற்கும் என்பதால், எனக்குத் தெரியாமல் யாரோ சார்ஜரை மாட்டியிருக்கிறார்களா என்று தேடிக்கூடப் பார்த்தேன். இறங்கியிருந்தது மீட்டருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி; அது தளரும்போது இத்தகைய மலிவான கருவிகள் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டத் தொடங்கிவிடுகின்றன. பேட்டரி மாற்றச் சொல்லும் சின்னம் திரையில் தோன்றியது மறுநாள் மாலையில்.