சிறுவர் மனநலப் பிரிவு: தோட்டப்பட்டணத்திலிருந்து போய்வரும் குடும்பத்தின் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறு பட்டணத்தில் மனநல மருத்துவர் கிடையாது. உள்ளூர் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு, நகரத்துப் பெரிய மருத்துவமனையின் சிறுவர் மனநலப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். தமிழ்ப்பள்ளியை முடித்து, இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே பள்ளிக்குப் போக மறுத்து, உறக்கமும் சாப்பாடும் குறைந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த எங்கள் மகளுக்காக ஓராண்டுக்கும் மேலாக அங்கே போய்வருகிறோம். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன். மருத்துவம் நன்று, காத்திருப்பு நீளம், தமிழில் பேசி நடத்தும் சிகிச்சை அநேகமாக இல்லை. இத்தனையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் போங்கள் என்றே சொல்வேன். ஆனால் தாயும் பிள்ளையும் மட்டும் போகாமல், வீட்டில் யாருடைய பேச்சு எடுபடுமோ அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

கிளினிக்கில் பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). பள்ளியின் ஆலோசக ஆசிரியர் எழுதிக் கொடுத்த கடிதம் அங்கே பெரிதும் உதவியது. பிள்ளை படிக்க மாட்டேன் என்கிறாள் என்று நாம் வாயால் சொல்வதைக் காட்டிலும், எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, வந்த நாளில் வகுப்பில் எப்படி இருந்தாள் என்று ஆசிரியர் எழுதித் தருவதை மருத்துவர் உடனே பிடித்துக்கொள்கிறார். நிபுணரிடம் தொடர்ந்து போகும்போது ஒவ்வொரு வருகைக்கும் 5 வெள்ளி. மருந்து அதிலேயே அடக்கம். தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்கு 30 வெள்ளி. தனியார் மனநல மருத்துவரையே பார்ப்பதென்றால் ஒரு தடவைக்குச் சில நூறு வெள்ளி ஆகும், லோரி ஓட்டும் ஒருவரின் சம்பளத்தில் அது மாதாமாதம் கட்டுப்படியாகாது.

முதல் தேதி கிடைக்கவே மாதக்கணக்காயிற்று. அந்த இடைவெளியில் வேறோர் ஊரிலிருந்த ஆலோசனை மையம் ஒன்றில் பல அமர்வுகளுக்கும் சேர்த்து முன்பணம் கட்டினோம். பேசியவர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் மருத்துவமனைக்குக் கொடுக்க ஒரு பக்க அறிக்கை கேட்டபோது அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள், மீதி அமர்வுகளுக்குரிய பணமும் திரும்பவில்லை. ஆலோசகராகத் தொழில் செய்பவர் 1998 ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டுமுன் அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மருத்துவமனையில் நடந்த முதல் சந்திப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் தரம் அதில்தான் தெரிந்தது. முதலில் மகள், நான், கணவர், மாமியார் என எங்கள் நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிய மருத்துவர், பிறகு மகளிடம் தனியாகப் பேசினார், அதன் பிறகு எங்களைத் தனியாக அழைத்தார். எல்லாரும் இருக்கும்போதே ஒரு வெள்ளைத் தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக எங்கள் குடும்பத்தை வரைந்தார். யார் எந்த அறையில் படுக்கிறார்கள், இவளைக் காலையில் யார் எழுப்புகிறார்கள், இரவில் யாரோடு சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், பேனாவை மகளிடம் கொடுத்து, யாரோடு எவ்வளவு நெருக்கம் என்பதைக் கோடு போட்டுக் காட்டச் சொன்னார். பாட்டிக்கு அழுத்தமாக இரட்டைக் கோடு. எனக்கு ஒற்றைக் கோடு. அப்பாவுக்கு நான்கைந்து புள்ளிகள் மட்டும். செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் அவள் எழுமுன் போய், அவள் உறங்கிய பின் வருபவர் அவர். புள்ளிகளைப் பற்றி என் கணவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த தேதியை அட்டையில் எழுதும்போது, அன்றைய லோரி நடையை வேறொருவருக்கு மாற்றிவிட்டு வருவதாகத் தாமாகவே சொன்னார்.

மகளின் மணிக்கட்டில் முனீஸ்வரர் கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறு இருந்தது. மருத்துவர் அதைக் கழற்றச் சொல்லவில்லை. கட்டியது யார் என்று விசாரித்து, என் மாமியார்தான் என்று தெரிந்ததும், கயிறும் இருக்கட்டும், மருந்தையும் நீங்களே தினமும் உங்கள் கையால் கொடுங்கள் என்று அவரிடமே பொறுப்பை ஒப்படைத்தார். மாத்திரை என்றாலே மயக்க மருந்து என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், அன்றிலிருந்து அதைத் தம் அலமாரியில் பூட்டிவைத்து நேரம் தவறாமல் கொடுத்து வருகிறார். பெரியவரை அழைத்துப் போனதன் பலன் இது. வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால் இரண்டாம் வாரமே மாத்திரை நின்றிருக்கும்.

கொடுத்தது ஃபுளுவோக்செட்டின். பதின்ம வயதினரின் மனச்சோர்வுக்கு முதலில் கருதப்படும் மருந்து அதுதான் என்றும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றும், பழக்கமாகிப் போகும் வகையைச் சேர்ந்ததன்று என்றும் விளக்கினார்கள். தொடக்க வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் படபடப்போ தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் எண்ணமோ கூடலாம், அப்படித் தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே வர வேண்டும், தேறிவிட்டாள் என்று நாமாகத் திடீரென நிறுத்தவும் கூடாது என்று இருமுறை சொல்லியனுப்பினார்கள். கேட்கச் சங்கடமான செய்திதான். சொல்லாமல் விடும் மருத்துவரை விட, சொல்லிக் கவனிக்கவைக்கும் மருத்துவரையே நான் நம்புவேன்.

குறைகள் உண்டு. மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். புதியவர் வரும்போதெல்லாம் மகள் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு முறை, ‘என் கோப்பைப் படித்துப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். உளவியல் நிபுணரோடு பேசும் அமர்வுகள் வெகு இடைவெளி விட்டு வருகின்றன. பிள்ளையின் நடத்தை குறித்த 25 கேள்விகள் கொண்ட படிவத்தை மலாயில்தான் தந்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய குறை, மருத்துவர் சொல்வதைப் பாட்டிக்கு மொழிபெயர்க்கும் வேலை முதல் நாள் மகளின் தலையிலேயே விழுந்ததுதான். தன் நோயைத் தன் வாயாலேயே பாட்டிக்கு விளக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. தமிழ் தெரிந்த தாதி ஒருவர் வந்த பிறகுதான் அந்த அறையில் இறுக்கம் தளர்ந்தது. தேதியை உறுதிசெய்யும்போதே தமிழ் பேசும் பணியாளர் இருப்பாரா என்று கேட்டுவையுங்கள், இல்லையென்றால் நம்பிக்கையான வளர்ந்த உறவினர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் மனநலம் என்றதும் தஞ்சோங் ரம்புத்தான் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். 1911 இல் தொடங்கிய உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் வந்த கேலி அது. 2023 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளில் 16.5 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் உண்டு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு. சிரிப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். நாங்கள் போகும் பிரிவில் படுக்கை வார்டு எதுவும் கண்ணில் படாது, வண்ணப் பென்சில்களும் சிறு நாற்காலிகளும் போட்ட வெளிநோயாளர் கூடம்தான். காலையில் போனால் வீடு திரும்ப மதியம் தாண்டும் என்பதால் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போவது நல்லது. பள்ளிக்குக் காட்ட டைம் ஸ்லிப், அதாவது வந்துபோன நேரத்தைக் குறித்த சீட்டு, தருவார்கள், அதில் நோயின் பெயர் வராது.

பிள்ளை சாக வேண்டும் என்று பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ கடிதமும் தேதியும் தேவையில்லை. எந்த அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் நேரே போகலாம், சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். போலீஸ் வழக்காகிவிடுமோ என்று அஞ்சி வீட்டிலேயே மறைத்துவைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவு 2023 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. உறவினர் யாராவது அந்தப் பயத்தைக் காட்டித் தடுத்தால் இதைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.