உதகைக்குச் சாக்லேட் தொழிற்சாலை பார்க்கச் செல்பவர்களின் கவனத்திற்கு

உதகமண்டலத்தில், கோகோ கொட்டையை வறுப்பது முதல் கட்டியாக வார்ப்பது வரை அனைத்தையும் தாங்களே செய்வதாகப் பெரிய பலகை வைத்திருக்கும் ஒரு சாக்லேட் கடையிலும், அதன் பின்புறம் உள்ள தொழிற்சாலை என்று சொல்லப்படும் கூடத்திலும் சென்ற மாதம் நாங்கள் நால்வர் ஏமாந்து திரும்பினோம். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அங்கே நடந்ததை, அடுத்துச் செல்லும் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று முழுமையாகவே எழுதுகிறேன்.

என் சித்தப்பா ஆனைமலைக்கு அருகே தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ வளர்க்கிறார். பழத்தை உடைத்து, வெண்சதையோடு கூடிய விதைகளைப் பெட்டியில் இட்டு, வாழை இலையால் மூடி ஆறு நாள் நொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுப்பதோடு அவருடைய வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கொட்டை எப்படிச் சாக்லேட்டாகிறது என்பதை இத்தனை ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. “ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்” என்று அவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான், என் கணவர், மகள், சித்தப்பா ஆகியோருடன் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டோம். ‘பொள்ளாச்சிக் கொட்டையில் செய்தது’ என்று அந்தக் கடை விளம்பரம் செய்திருந்ததும் அவருடைய ஆவலைக் கூட்டியது.

நுழைவுச்சீட்டு ஒருவருக்கு 250 ரூபாய். முக்கால் மணி நேரம் சுற்றிக் காட்டுவதாகச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள்; பன்னிரண்டு நிமிடங்களில் எங்களை விற்பனைக் கூடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நேரம் குறைந்ததுகூடப் பெரிய குறையில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் சொல்லப்பட்டவைதான் பொறுக்க முடியாதவை. விளம்பரத்தில் பொள்ளாச்சி என்றிருக்க, சுற்றிக் காட்டிய இளைஞரோ, கோகோ மரங்கள் கடைக்குப் பின்னாலுள்ள தங்கள் சொந்தத் தோட்டத்தில், அதே மலைச்சரிவில் வளர்வதாகச் சொன்னார். கோகோ வெப்பமும் ஈரமும் வேண்டும் மரம்; உதகையோ ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் உறைபனி விழும் ஊர். “தம்பி, இந்தக் குளிருக்குக் கோகோ தாங்குமா?” என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டபோது, “நாங்கள் தனி ரகம் வைத்திருக்கிறோம் ஐயா” என்று பதில் வந்தது.

பார்வைக்காக ஒரு கூடையில் காய்ந்த கொட்டைகளை வைத்திருந்தார்கள். அனுமதி கேட்டு மூன்று கொட்டைகளை எடுத்துச் சித்தப்பா கத்தியால் நெடுக்காகப் பிளந்தார். கோகோ வாங்க வரும் வியாபாரிகள் செய்யும் அதே சோதனைதான் அது: நன்றாக நொதித்த கொட்டை உள்ளே பழுப்பு நிறமாகவும் வெடிப்பு வெடிப்பாகவும் இருக்கும், அரைகுறையாக நொதித்தது ஊதாவாகவும், நொதிக்காதது சிலேட்டுக்கல் போலச் சாம்பல் நிறமாகவும் இருக்கும். அவர் பிளந்த மூன்றில் இரண்டு சாம்பல் நிறம், ஒன்றில் பூஞ்சை. சாக்லேட்டின் மணத்துக்கு விதை போடப்படுவது நொதித்தலில்தான். அது சரியாக நடக்காத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் கசப்பும் துவர்ப்புமே மிஞ்சும். எத்தனை நாள் நொதிக்க வைக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, “அப்படியெல்லாம் புளிக்க விடமாட்டோம் ஐயா, புதிதாகவே அரைத்துவிடுவோம்” என்றார் அந்த இளைஞர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் ஒப்பித்தார். ஆனால் சித்தப்பா அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த கூடத்தில் வறுக்கும் இயந்திரமோ, வறுத்த கொட்டையை உடைத்துத் தோலைக் காற்றில் பிரிக்கும் கருவியோ இல்லை. கல் அரவை இயந்திரம் ஒன்று இருந்தது. நம் வீட்டு மாவு கிரைண்டரைப் போலவே கருங்கல் தட்டின்மேல் கருங்கல் உருளைகள் சுழலும் அந்த இயந்திரத்தில்தான் சிறு தயாரிப்பாளர்கள் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை இடைவிடாமல் அரைக்கிறார்கள். அங்கே அதன் உருளைகளில் தூசி படிந்திருந்தது, மின்கம்பி சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. உண்மையில் வேலை நடந்துகொண்டிருந்தது கட்டிகளை உருக்கும் ஒரு தொட்டியிலும் சில அச்சுத் தட்டுகளிலும்தான். சுவரோரம் ‘காம்பவுண்ட்’ என்று அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவை கேக் செய்பவர்களுக்கு விற்பவை என்று விளக்கம் சொன்னார்கள்.

காம்பவுண்ட் என்பது கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக, பெரும்பாலும் ஹைட்ரஜனேற்றம் செய்த தாவரக் கொழுப்பைக் கோகோ தூளுடனும் சர்க்கரையுடனும் சேர்த்துச் செய்யப்படும் கட்டி. அதை உருக்கி, முந்திரி திராட்சை போட்டு, அச்சில் ஊற்றி, அதற்குத் தகுந்த விலையில் விற்கும் சிறு கடைகள் உதகையில் எத்தனையோ உண்டு. சிறுவயதில் அவற்றை விரும்பித் தின்றவள் நான், அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 2024-இல் உலகச் சந்தையில் ஒரு டன் கோகோ 10,000 டாலரைத் தாண்டியபோது அசல் சாக்லேட் செய்வது எவ்வளவு கடினமாயிற்று என்பதும் புரிகிறது. ஆனால் காம்பவுண்டை உருக்கி ஊற்றிவிட்டு, விவசாயியின் கொட்டையிலிருந்து செய்ததாகச் சொல்லி மும்மடங்கு விலை வாங்குவது மோசடி.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஏன் வாங்கினோம் என்று கேட்பீர்கள். மகள் ஆசைப்பட்டாள், உறவினர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, பெட்டிகளைப் பற்றிய அவர்களுடைய விளக்கத்தை நான் பாதி நம்பவும் செய்தேன். ‘70 சதவீதம் கோகோ’ என்று போட்ட கட்டிகள் மூன்று, ஒவ்வொன்றும் 450 ரூபாய். உதிரியாக ஒரு கிலோ 1,400 ரூபாய். நுழைவுச்சீட்டையும் சேர்த்தால் 3,750 ரூபாய். கையால் எழுதிய துண்டுச்சீட்டைத்தான் ரசீதாகக் கொடுத்தார்கள். உணவு விற்பவர்கள் தங்கள் பதினான்கு இலக்க உரிம எண்ணை ரசீதில் குறிப்பிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம் என்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

வீட்டில் உதிரிச் சாக்லேட்டைப் பெட்டிகளிலிருந்து எடுத்து எடை போட்டால் 870 கிராம்தான் இருந்தது. கனமான அட்டைப்பெட்டிகளோடு சேர்த்தே எடை போட்டிருக்கிறார்கள். கட்டியின் பின்புறம் விலை ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தபோது அடியில் சேர்மானப் பட்டியல் தெரிந்தது: முதலில் சர்க்கரை, அடுத்து ஹைட்ரஜனேற்றம் செய்த தாவரக் கொழுப்பு, மூன்றாவதாகக் கோகோ தூள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. மூன்றாம் இடத்தில் நிற்கும் கோகோ 70 சதவீதமாக இருக்க வழியே இல்லை. தயாரித்த தேதி எங்கும் இல்லை. கோகோ வெண்ணெய் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 34 பாகையில் உருகுவதால் நல்ல சாக்லேட் நாவில் பட்டதும் கரையும். இதுவோ மெழுகைப் போல மேலண்ணத்தில் படிந்தது.

மறுநாள் தொலைபேசியில் அழைத்தேன். 70 என்பது கோகோவின் அளவு அல்ல, ‘கசப்பின் அளவு’ என்று மேலாளர் சொன்னார். நொதிக்காத கொட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, அந்தக் கூடை அலங்காரத்துக்கு வைத்தது என்றார். பணத்தைத் திருப்பித் தர மறுத்து, அடுத்த முறை வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்; உறையின் படங்களுடன் நீலகிரி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், பதில் வராவிட்டால் கோயம்புத்தூரில் தொடுப்பேன்.

இத்தகைய இடங்களுக்குச் செல்பவர்கள் சீட்டு வாங்கும் முன்பே, இன்று வறுவலோ அரவையோ நடக்கிறதா, கொட்டை எந்த ஊர்த் தோப்பிலிருந்து வந்தது என்று கேளுங்கள். உண்மையில் செய்பவர்கள் அதைச் சொல்லத் தயங்கமாட்டார்கள். கட்டியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அது மறைந்திருந்தால் வாங்காதீர்கள். கோகோ வெண்ணெயுடன் ஐந்து சதவீதம் வரை தாவரக் கொழுப்பு சேர்க்க விதியில் இடமுண்டு, ஆனால் அதையும் உறையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். உதிரியாக வாங்கினால் வெறும் பெட்டியை முதலில் தராசில் வைத்து எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இப்படி வாங்கி ஏமாந்தவர்கள் உறையையும் சீட்டையும் எறிந்துவிட வேண்டாம். ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன்பு ஒரு படமும் உரித்த பிறகு ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரித்த பிறகு மட்டும் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, பட்டியல் மறைக்கப்பட்டிருந்தது என்பதை எப்படிக் காட்டுவது என்றுதான் நான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.